இடது காதில் எத்தனை வெட்டு

கீழ்பண்ணைச் சால்வோருக்குத் தலைக்கனம் என்று பள்ளத்தாக்கு முழுக்க ஒரு பேச்சு இருந்தது. கூட்டுறவுக் கடையில் முகத்துக்கு நேராக வந்து நின்று சிரித்தாலும் திரும்பச் சிரிக்க மாட்டாள். தேவாலய வாசலில் பாதிரியார் கை நீட்டுவார், அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய்விடுவாள். அவளுக்கு முகம் தெரியவில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வசதியாக மறந்துவிடுவார்கள். ஒருத்தியைப் பற்றிப் பேச ஒரு குறை கிடைத்துவிட்டால் அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

முழுக் குருடி என்றும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லை. இருட்டடித்த அறையில் டாக்டர் காட்டும் எழுத்துப் பலகையில் நாலு வரி படித்துவிடுவாள். வெளியே வந்து வெயிலில் நின்றால் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. மூச்சுப் பட்டு மங்கிய சன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போன்ற பார்வை. அதன் மேல் வெளிச்சம் அடித்தால் சன்னல் முழுக்க வெள்ளையாகிவிடும். பனி விழுந்த காலையில் கண்ணைத் திறந்தாலே ஊசி குத்தும். தொப்பி விளிம்பை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பாள். மேகம் மூடிய மந்தமான நாள்தான் அவளுக்கு நல்ல நாள். ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் பாட்டு முணுமுணுத்தபடி வேலி கட்டுவாள்.

“பலகைல நல்லாத்தானே படிக்கிறீங்க,” என்று மாவட்ட டாக்டர் ஒருமுறை சொன்னார்.

“பலகையையா மேய்க்கப் போறேன்?” என்றாள் சால்வோர்.

பரம்பரை நோய். அவள் அண்ணன் ஹியால்டிக்கும் அதே கதைதான். பள்ளிக்கூட வயதில் கருவிழியில் வெள்ளைத் தூசி விழுந்தது போலத் தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் தடித்து, முப்பது வயதில் படலமாக மூடிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் மலைப்பாதை அடைத்துவிடும், பக்கத்துப் பண்ணையை விட்டால் வேறு எங்கே போய்ப் பெண் தேட? இரண்டு பக்கமும் சத்தம் காட்டாமல் கிடந்த ஒன்று பிள்ளைகளிடம் வந்து ஒன்றுசேர்ந்துவிட்டது என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். எங்களுக்குப் படம் தேவையில்லை. யார் பாட்டனுக்கு யார் பாட்டி என்ன முறை என்பது பால்குடி மறக்கும்முன் மனப்பாடமாகிவிடும்.

இந்தக் கதைக்கு வேண்டிய முறை ஒன்றே ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேல்பண்ணை, அங்கே டோர்ஃபி. அவன் பாட்டனும் சால்வோரின் பாட்டனும் கூடப்பிறந்தவர்கள். ஒரே பண்ணையாக இருந்ததை அவர்கள்தான் ஆற்றை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்தது போலவே காதுக்குறியையும் பிரித்தார்கள்.

ஜூனில் எல்லாப் பண்ணை ஆடும் மேட்டு மேய்ச்சலுக்குப் போகும். செப்டம்பரில் எல்லாம் கலந்து ஒரே மந்தையாகக் கீழே வரும். நடுவில் வட்டமான கல் பட்டி, அதைச் சுற்றிப் பண்ணைக்கொரு அறை. ஆட்டைப் பிடித்துக் காதைப் பார்த்து, அவரவர் அறையில் தள்ள வேண்டும். ஆட்டின் முகவரி அதன் காதில்தான் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே கத்தியால் போட்ட வெட்டு அது. கீழ்பண்ணைக் குறி, வலது காது நுனியில் ஒரு சாய்வெட்டு, இடது காது முன்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. மேல்பண்ணைக்கும் வலது காது அதேதான். இடது காதில் மட்டும் சின்ன வெட்டு இரண்டு.

இதில் உள்ள வில்லங்கம் யாருக்கும் சொல்லாமலே புரியும். சால்வோரின் அப்பா நாலு வாய் சாராயம் உள்ளே போனால் அதை வாய்விட்டே சொல்வார். “ஒண்ணை ரெண்டாக்க ஒரு கத்தி போதும். ரெண்டை ஒண்ணாக்கக் கடவுளாலயும் முடியாது.” மேல்பண்ணைக்காரர்களும் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போன பிறகும் அந்தப் பேச்சு ஆற்றின் இந்தக் கரையில் கங்காகக் கிடந்தது.

கண் மங்கிய பிறகு பட்டியில் சால்வோரின் ஆடுகளைப் பிரித்துக் கொடுத்தது டோர்ஃபிதான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் அவனாக வந்து உதவினான், அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அவள் கணவன் எக்கர்ட் கடற்கரைக்காரன். வலையைத் தைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தைப்பான். கல்யாணமாகி வந்த புதிதில் ஆட்டுக் காதைப் பார்த்து, நாய் கடித்ததா என்று கேட்டவன். குட்டிகளுக்குக் குறி வெட்டக் கற்றுக்கொண்டான், ஆனால் ஓடுகிற ஆட்டின் காதைப் படிக்க அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

சால்வோர் சும்மா நிற்க மாட்டாள். அறைக்குள் வந்த ஆடுகளின் காதை விரலால் தடவிப் பார்ப்பாள். பட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள் அவளுக்குத் ‘தடவிச் சால்வோர்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் காதில் விழாது என்று நினைத்தார்கள் போல. காது அவளுக்கு நன்றாகவே கேட்டது. கேட்டதை மறக்கிற சுபாவமும் அவளுக்கு இல்லை.

தெற்கே தலைநகர் ரெய்க்யாவிக்கில் கருவிழி மாற்றுகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ஹியால்டி முதலில் போனான். செய்துகொண்டு தொலைபேசியில் கூப்பிட்டான்.

“செத்தவன் கண்ணு வழியாப் பாக்குறேன். ரொம்ப நல்லாத் தெரியுது. கட்டிக்கிட்டவ மூஞ்சியை இப்பத்தான் பாத்தேன், பரவாயில்ல.”

“அவ என்ன சொல்றா?”

“அவளும் பரவாயில்லன்னுதான் சொல்றா.”

சால்வோருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பிப்ரவரியில் போனாள். வலது கண்ணுக்குத்தான் முதலில். கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னாள். “உள்ளே பதினாறு தையல் இருக்கு, முடியை விட மெல்லிசு. அதை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் புதுக் கருவிழி ஒரு பக்கமா இழுபட்டுத்தான் இருக்கும். கலங்கல் போயிடும், கூச்சம் குறையும், ஆனா பொருளுக்குப் பக்கத்துல நிழல் மாதிரி இன்னொண்ணு தெரியலாம். அதை நிஜம்னு நம்பிடாதீங்க. தையல் எடுத்தா சரியாயிடும்.”

சால்வோர் தலையாட்டினாள். அவள் டாக்டரம்மாவின் இமைமுடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர்களுக்கு இமையில் முடி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. பேசும்போது அவை மேலும் கீழும் போவதைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. சொன்ன வார்த்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போலக் காதைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

வீடு திரும்பியதும் முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நாளே சந்தேகம் வந்துவிட்டது.

“எப்ப இவ்வளவு வழுக்கை விழுந்துச்சு?”

“ஒரே நாள்லயா விழும்? கொஞ்சம் கொஞ்சமாத்தான்,” என்றான் எக்கர்ட். “நீ கேக்கல.”

“திரைச்சீலை வெள்ளைன்னு சொன்ன.”

“வாங்கினப்ப வெள்ளைதானே.”

“இந்தக் கோப்பை விளிம்பு உடைஞ்சிருக்கு. இதுலயா பாதிரியாருக்குக் காபி குடுத்தேன்?”

“அவர் ஒண்ணும் சொல்லலியே.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. தேவாலயத்துக்கு அவள் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையின் முழங்கை இற்றுப் போயிருக்கிறது, ஒருத்தியும் சொல்லவில்லை. பாவம் என்று விட்டார்களா, சிரிக்க ஒன்று இருக்கட்டும் என்று விட்டார்களா? கண் தெரியாதவளிடம் இவ்வளவு மறைத்தவர்கள் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார்கள்?

எக்கர்ட் கெட்டவன் இல்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாதவன், அவ்வளவுதான். அவன் செய்த தப்பு ஒரே ஒரு வார்த்தை. ஏப்ரலில் ஒருநாள் வாசலில் நின்று, வீட்டுக்கு வரும் மின்கம்பியைச் சால்வோர் அண்ணாந்து பார்த்தாள்.

“ரெண்டாவது கம்பி எப்ப இழுத்தாங்க?”

எக்கர்ட் மேலே பார்த்தான். ஒரு கம்பிதான் இருந்தது, எப்போதும் இருந்த அதே கம்பி. அவளைப் பார்த்தான். சின்னப்பிள்ளை மாதிரி பூரித்துப் போய் நிற்கிறாள். இல்லை என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்?

“நீ தெக்க இருந்தப்ப,” என்றான்.

அவள் நம்பினாள். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் அன்றைக்கே மறந்தும் போனான். செய்தித்தாளில் எழுத்துக்குப் பின்னால் இன்னொரு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அச்சகக்காரன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று திட்டினாள். ராத்திரி விளக்கையோ நிலவையோ பார்த்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு தெரிந்து அவளே யோசித்திருப்பாள். இருட்டினதும் கண்ணுக்கு மூடி போட்டுப் படுத்துவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி உத்தரவு, கோடையிலோ எங்கள் பக்கம் ராத்திரியே கிடையாது, விளக்கு ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. வைக்கோல் தூசி கண்ணில் படக்கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருந்ததால், குட்டி போடுகிற காலத்தில் கொட்டில் பக்கமே அவளை விடவில்லை. குறியெல்லாம் எக்கர்ட்தான் வெட்டினான். அவள் காதுகளைப் பார்க்கும் முன்பே ஆடுகள் மலை ஏறிவிட்டன.

டோர்ஃபி வழக்கம் போல வாரத்துக்கு ஒருதரம் காபிக்கு வந்தான். முன்பெல்லாம் அவன் ஒரு குரல், ஒரு மூக்குப்பொடி வாசனை. இப்போது அவனுக்கு முகம் வந்துவிட்டது. அந்த முகம் அவளைப் பார்க்க மறுத்தது. அவள் பேசினால் மேஜையைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான், கையில் இருந்த, மூக்குப்பொடி போட்டுவைக்கும் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என் மூஞ்சில என்ன ஒட்டியிருக்கு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஒண்ணுமில்ல. கண்ணு இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கு.”

உண்மை அவ்வளவுதான். செத்துப்போன யாரோ ஒருவனின் விழி தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் டோர்ஃபியால் அந்தக் கண்ணை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பெரிய உடம்புக்காரன், உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி. அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. திருட்டு முழி எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் போன பிறகு எக்கர்ட்டிடம் கேட்டாள்.

“போன வருஷம் நமக்கு எத்தனை குட்டி மலையிலேர்ந்து வரல?”

“ஏழோ எட்டோ. எப்பவும் போறதுதானே. நரி, சேறு, ஆறு.”

“மேல்பண்ணைக்கு?”

“அவனுக்கும் போயிருக்கும்.”

“அவன் சொன்னானா, நீ பாத்தியா?”

எக்கர்ட் பாத்திரம் கழுவப் போய்விட்டான். சால்வோர் சன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டோர்ஃபி புதிதாகப் போட்ட சிவப்புக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவளுடைய ஆட்டின் காதைப் பார்த்தது அவன் கண். அவளுடையது என்று அவன் சொன்னது அவளுடையது. இல்லை என்றது இல்லை. அப்பாவின் பேச்சு ஞாபகம் வந்ததும் பழைய கங்கு பற்றிக்கொண்டது. கோடை முழுக்க அது அடங்கவில்லை.

ஆடு பிரிக்கும் நாளன்று காலையில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் தாழ்ந்த சூரியன் பளீரென்று வந்தது. முன்பென்றால் இப்படி ஒரு வெயிலில் அவள் பட்டிப் பக்கமே வந்திருக்க மாட்டாள். இன்று தொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். கையில் தடித்த தோலுறை. இனிமேல் எதையும் தடவிப் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். பள்ளத்தாக்கே அங்கே இருந்தது. புகைபோட்ட இறைச்சி வைத்த தட்டை ரொட்டி, பிளாஸ்க்கில் காபி, கோட்டுப் பைக்குள் சாராயக் குப்பி, அதற்கேற்ற பாட்டு. அவளுக்கு எல்லாரையும் முகம் தெரிந்தது. எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதிலேயே சிலருக்கு ஏமாற்றம்.

டோர்ஃபி வழக்கம் போல அவளுடைய அறைக் கதவுப் பக்கம் வந்து நின்றான்.

“இந்த வருஷம் நானே பாத்துக்கறேன்,” என்றாள்.

“சந்தோஷம். எனக்கும் முதுகு வலி மிச்சம்.” பொடிக்கொம்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

முதலில் பிடித்தது ஒரு கிடாக்குட்டி. வலது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு வட்டம். ஜூனில் மலைக்கு விரட்டும்போது அவள் வேலியோரம் நின்று பார்த்த குட்டி, தன் வலது கண்ணுக்குச் சோடி என்று சிரித்த குட்டி. சந்தேகமே இல்லை, கீழ்பண்ணைக் குட்டிதான். கொம்பைப் பிடித்துத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இடது காதை வெயிலுக்கு நேராக விரித்தாள். வெள்ளைக் காது, பின்னால் நீல வானம். ஒரு வெட்டு. அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வெட்டு.

அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தாள். இரண்டு. இன்னொன்று. அதற்கும் இரண்டு. அவள் கையால் பால் கொடுத்து வளர்த்த கிழட்டுத் தாயாடு ஒன்று பழக்கத்தில் அவளிடமே வந்து முட்டியது. அதன் காதிலும் இரண்டு. அந்த இடத்தில் நீங்களும் நானும் நின்றிருந்தால், எல்லாக் காதிலும் இரண்டு இருக்கிறதே, என் கண்ணில் ஏதாவது கோளாறா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்போம். சந்தேகம் பிடித்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்காது. குட்டியோடு விடவில்லை, தாயையும் தொட்டிருக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

“டோர்ஃபி.”

அவன் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தான். திரும்பினான்.

“எத்தனை வருஷமா?”

“என்ன எத்தனை வருஷமா?”

“கத்தியை எப்ப எடுத்தேன்னு கேக்கறேன். எங்கப்பா சாகக் காத்திருந்தியா, இல்ல என் கண்ணு போகக் காத்திருந்தியா?”

பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் குடிகாரனை மன்னிப்போம். அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடியவனை நாலு வருஷத்தில் கல்யாண வீட்டுக்கு அழைப்போம். ஆட்டுத்திருடன் என்ற பேர் விழுந்தால் மட்டும் பேரப்பிள்ளைக்கும் பெண் கிடைக்காது. சால்வோர் அந்த வார்த்தையையும் சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். வட்டப் பட்டியின் எந்த மூலையில் நின்றவருக்கும் அது கேட்டது.

டோர்ஃபியின் முகம் முதலில் சிவந்து, அப்புறம் வெளுத்தது. அவள் அதையும் தெளிவாகப் பார்த்தாள்.

மந்தையை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் தலைவன் பிராண்டுர். ஆடு விஷயத்தில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பட்டிச் சுவரிலிருந்து இறங்கி வந்தான். “என்ன தகராறு?”

“இந்தக் குட்டி என்னோடது. காதைப் பாரு, ரெண்டு வெட்டு.”

பிராண்டுர் காதைப் பார்த்தான். கட்டைவிரலால் ஓரத்தை நீவினான். “சால்வோர், ஒண்ணுதான் இருக்கு.”

“நீயும் அவன் பக்கமா?”

பிராண்டுர் டோர்ஃபியின் அறைக்குப் போய் ஒரு ஆட்டை இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்தினான். காதை வெயிலில் விரித்துப் பிடித்தான். “இது மேல்பண்ணை ஆடு. இதுல எத்தனை தெரியுது?”

அவள் உற்றுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, அதற்குக் கீழே கொஞ்சம் மங்கலாக இன்னொன்று.

“மூணு.”

“மூணு வெட்டு இந்த ஜில்லாவுலயே யாருக்கும் கிடையாது,” என்றான் பிராண்டுர், மெதுவாக.

சுவர் மேல் இருந்த யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். சால்வோர் கையுறையைக் கழற்றினாள். கறுப்பு வட்டக் கண் கிடாக்குட்டி இன்னும் அங்கேயே நின்றது. அதன் இடது காதை விரலால் நீவினாள். ஒன்று. மறுபடி நீவினாள். ஒன்றுதான். கிழட்டுத் தாயாடு, ஒன்று. அப்போதுதான் டாக்டரம்மாவின் குரல், இத்தனை மாசம் கழித்து, காதுக்குள் வந்து சேர்ந்தது. பொருளுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொன்று. மேலே பார்த்தாள். சாலையோரம் போகும் கம்பி இரண்டாகத் தெரிந்தது.

“எக்கர்ட்,” என்றாள். “நம்ம வீட்டுக்கு எத்தனை கம்பி வருது?”

எக்கர்ட் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். உடம்பு குறுகிப் போயிருந்தது. “ஒண்ணு.”

“ஏப்ரல்ல ரெண்டுன்னு சொன்னியே.”

“நீ ரொம்ப சந்தோஷமா இருந்த,” என்றான்.

அவனைத் திட்ட அவளுக்குத் தெம்பு இல்லை. டோர்ஃபியிடம் போனாள். “என் கண்ணுதான் தப்பு. தையல் இழுக்குதாம். நான் சொன்னதை மன்னிச்சுடு.” அத்தனை பேர் முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள்.

பிராண்டுர் இருவரின் தோளையும் தட்டினான். “சரி, முடிஞ்சுது. காபி குடிப்போம், வாங்க.”

“முடியல,” என்றான் டோர்ஃபி.

சத்தம் போடவில்லை. குரலில் கோபம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. “இத்தனை வருஷமா இவ ஆட்டை நான் பாத்துப் பிரிச்சுக் குடுத்தேன். இன்னிக்கு என் ஆட்டை இவ பாத்துக் குடுக்கட்டும். ஒண்ணு விடாம. கையால. நாளைக்கு யாரும் என் பின்னால நின்னு முணுமுணுக்கக் கூடாது.”

“டோர்ஃபி, அது தேவையில்ல,” என்றாள் சால்வோர்.

“உனக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை இருக்கு.”

அவன் தன் அறைக்குள் போனான். ஒரு ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்தினான். அவள் குனிந்து இடது காதை நீவினாள்.

“ரெண்டு. உன்னோடது.”

அடுத்தது. “ரெண்டு. உன்னோடது.” அடுத்தது. அறை நிறைய ஆடு, பார்த்து முடித்ததை அறைக்குள் ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினான். முதலில் ஊரே வேடிக்கை பார்த்தது. அப்புறம் பார்க்கக் கூச்சமாகி, பலர் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். பிராண்டுரும் எக்கர்ட்டும் இன்னும் சிலரும் சுவரில் உட்கார்ந்தபடி இருந்தார்கள். டோர்ஃபிக்கு வியர்த்து ஒழுகியது. அவள் விரல்கள் குளிரில் மரத்துப் போயின, ஆனாலும் வெட்டின் கணக்கு மட்டும் தப்பவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் ‘உன்னோடது’ என்று சொன்னபோது அவன் தலையாட்டினான். திரும்பத் திரும்பச் சொன்னால் முன்பு சொன்ன அந்த ஒரு வார்த்தை கரைந்துவிடும் என்று அவளுக்கும் ஒரு நப்பாசை வந்தது. கரைந்துகொண்டிருப்பது போலவும் இருந்தது. நடுவில் ஒருதரம் அவன் முதன்முதலாக அவள் கண்ணையே நேராகப் பார்த்தான்.

பார்க்காத ஆடுகள் ஏறக்குறையத் தீர்ந்தபோது ஒரு பெட்டைக் குட்டியை இழுத்து வந்தான். நல்ல குட்டி, அகன்ற முதுகு, அடர்த்தியான மயிர். குளிர்காலத்துக்கு வைத்து வளர்க்க யாரும் ஆசைப்படுகிற குட்டி. சால்வோர் காதை நீவினாள்.

ஒன்று.

விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அடியிலிருந்து நுனிவரை மெதுவாக நீவினாள். ஒரு வெட்டு, அதற்குமேல் வழவழவென்ற ஓரம். வலது காதில் சாய்வெட்டு சரியாக இருந்தது. அவளுடைய குட்டி.

நெரிசலில் யார் கையும் தவறும். காலையில் அவசரத்தில் தள்ளியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லை, அப்படி இல்லாமலும் இருக்கலாம். கோடை முழுக்க எரிந்த அடுப்பு ஒரு மன்னிப்பில் அணைந்துவிடுமா? அடங்கிவிட்டது என்று நினைத்த சந்தேகம் ஒரு நொடியில் தலைதூக்கி, பார், பார் என்றது. பிராண்டுர் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். குட்டி அவள் அறைக்குப் போகும், டோர்ஃபியின் பேர் அவன் பேரப்பிள்ளைவரை போகும்.

“எத்தனை?” என்றான் டோர்ஃபி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் காதை விரித்து வெயிலில் பார்த்தாள். கண் இரண்டு என்றது. விரல் ஒன்று என்றது.

“ரெண்டு,” என்றாள். “உன்னோடது.”

டோர்ஃபி தலையாட்டினான். குட்டியின் காதைப் பார்க்கவில்லை. கொம்பைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போய்த் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளி, அடுத்ததைப் பிடிக்கக் குனிந்தான்.

அவன் ஏன் பார்க்கவில்லை? அவள் சொல்லை நம்பியிருந்தால் பார்த்திருக்க மாட்டான். ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டான். அடுத்த மே மாதம் தையல் எடுத்தார்கள். கம்பி ஒன்றானது, செய்தித்தாள் எழுத்து சுத்தமானது, ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிற ஆட்டின் கண்ணைக்கூட அவளால் பார்க்க முடிந்தது. டோர்ஃபி வழக்கம் போல வாரத்துக்கு ஒருதரம் காபிக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தே பேசினான், அவளும் அவன் முகத்தைப் பார்த்தே காபி ஊற்றினாள். கேட்க மட்டும் முடியவில்லை. ஒரு மனுஷனைப் பார்த்து அந்தக் கேள்வியை ஒருதரம்தான் கேட்க முடியும். அவள் அதை ஊர் முழுக்கக் கேட்கும்படி, தப்பான குட்டிக்காகக் கேட்டு முடித்துவிட்டாள்.